விடியும் வரை பாடிய புணே

1937 அக்டோபர் 27. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பிய ரயிலில் உஸ்தாத் அப்துல் கரீம் கானுக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. அரவிந்தர் ஆசிரமத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். செங்கல்பட்டு வருவதற்கு முன்பே, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில், கூட வந்தவர்கள் அவரை இறக்கினார்கள். பிளாட்பாரத்திலேயே படுக்கை விரித்தாயிற்று. தம்புராவுக்குச் சுருதி கூட்டச் சொல்லி, தர்பாரி கானடாவில் இறைவனை அழைத்தபடியே அடங்கினார் என்று அவருடைய சிஷ்ய பரம்பரையில் இன்றும் சொல்கிறார்கள். ஒரகடம் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இப்போது இறங்குகிற ஸ்டேஷன் அது.

இந்தக் கதையை நான் தமிழ்நாட்டில் கேட்டதில்லை. புணேயின் மேற்கு ஓரத்தில், பாணேரில், எங்கள் அடுக்ககத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். சொன்னவர் கும்பகோணத்துப் பக்கம். 1960-களின் கடைசியில் பிழைப்புத் தேடி இங்கே வந்து, கட்கியில் ஒரு தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்கியை இன்னும் கிர்க்கி என்றுதான் சொல்வார். அந்தத் தலைமுறைத் தமிழர்கள் எல்லோரும் அப்படித்தான். மகனுக்கு ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலை, அதனால் பாணேரில் வீடு. மராத்தி சரளமாகப் பேசுவார். இந்துஸ்தானி சங்கீதம் என்றால் இன்னும் சரளமாக.

"நம்ம ஊர் மண்ணுலதான் அந்த மனுஷன் உசுரு போச்சு, தம்பி. அவரோட பேரப்புள்ளைங்க மாதிரியானவங்க பாடுறதை நான் இங்க வந்துதான் கேட்டேன்" என்றார்.

பேரப்பிள்ளைகள் என்று அவர் சொன்னது சிஷ்யர்களின் சிஷ்யர்களை. அவர் கேட்ட இடம், சவாய் கந்தர்வா மகோத்சவம்.

ஓடிப்போன பையன்

அப்துல் கரீம் கானிடம் கற்றவர்களில் ஒருவர் ராமச்சந்திர குந்த்கோல்கர். ஹூப்ளிக்கு அருகே உள்ள குந்த்கோலைச் சேர்ந்தவர். இயல்பில் வளைந்துகொடுக்காத கனத்த குரல். உழைத்து உழைத்து அதைப் பழக்கினார். மராத்தி இசை நாடகங்களில் பெண் வேடம் கட்டிப் பாடினார். அந்த நாளில் நாடக மேடையின் முடிசூடா மன்னர் பால கந்தர்வர். அவரையும் ஒரு கால் பங்கு மிஞ்சியவர் என்று புகழ்ந்து ரசிகர்கள் கொடுத்த பட்டம்தான் சவாய் கந்தர்வா. பிறகு பக்கவாதம் வந்து குரல் முடங்கியது. 1952-ல் காலமானார். அவர் விட்டுப்போனவை மூன்று மூன்று நிமிட இசைத்தட்டுகள் கொஞ்சம், சிஷ்யர்கள் சிலர். கங்குபாய் ஹங்கல், ஃபிரோஸ் தஸ்தூர், பசவராஜ் ராஜகுரு, பீம்சேன் ஜோஷி.

பீம்சேன் வீட்டைவிட்டு ஓடிய கதை கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கதக் ஊர்ப் பையன். அப்துல் கரீம் கானின் இசைத்தட்டு ஒன்று காதில் விழுந்தது. இப்படிப் பாட வேண்டும் என்று பித்துப் பிடித்தது. 1933-ல், 11 வயதில், சாப்பாட்டில் நெய் விடுவது பற்றி அம்மாவோடு எழுந்த ஒரு சண்டையைச் சாக்கிட்டு ரயிலேறினான். டிக்கெட் கிடையாது. குவாலியர், கல்கத்தா என்று அலைந்து கடைசியில் ஜலந்தருக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே 1875 முதல் நடந்துவரும் ஹர்வல்லப் சங்கீத விழாவுக்குப் பாட வந்த விநாயகராவ் பட்வர்தன், இவ்வளவு தூரம் ஏன் வந்தாய், உன் ஊர்ப் பக்கத்திலேயே சவாய் கந்தர்வா இருக்கிறாரே என்று திருப்பி அனுப்பினார்.

குந்த்கோலில் குருகுலவாசம். தண்ணீர் சுமப்பது உட்பட வீட்டு வேலை எல்லாம் உண்டு. குரு ஊன்றிக் கற்றுக்கொடுத்த ராகங்கள் என்று பீம்சேன் பின்னாளில் சொன்னவை மூன்றே மூன்று: தோடி, முல்தானி, பூரியா. ஒன்று காலைக்கு, ஒன்று பிற்பகலுக்கு, ஒன்று அந்திக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குரு மறைந்த அடுத்த ஆண்டு, 1953-ல், புணேவில் பீம்சேனும் குருவின் மருமகன் டாக்டர் நானாசாகேப் தேஷ்பாண்டேயும் நண்பர்களும் ஆர்ய சங்கீத பிரசாரக் மண்டல் சார்பில் ஒரு நினைவுக் கச்சேரி வைத்தார்கள். சிறிய மண்டபத்தில் தொடங்கியது, இடம் போதாமல் பள்ளி மைதானங்களுக்குப் போயிற்று. பல ஆண்டுகள் ரமண்பாக் பள்ளி மைதானம்தான் அதன் வீடு. அதைச் சுற்றிலும் பேட்டைகள் எனப்படும் பழைய புணேயின் நெருக்கமான குடியிருப்புகள். மூன்று இரவுகள். ராத்திரி ஆரம்பித்தால் மறுநாள் வெயில் ஏறும்வரை பாட்டு.

ஷிப்ட் முடிந்தவர்களின் சங்கீதம்

"செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு சைக்கிள எடுத்தா மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது நாலாவது ஆளு பாடிக்கிட்டிருப்பாங்க" என்றார் பெரியவர். "அதனால என்ன, இன்னும் ராத்திரி முச்சூடும் கெடக்கே!"

முதல் தடவை சக தொழிலாளி ஒருவர் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். மலிவான தரை டிக்கெட். மேடைக்கு முன்னால் நாற்காலி, சோபா எல்லாம் உண்டு. ஆனால் விழாவின் உயிர் தரையில். அதற்கு 'பாரதீய பைடக்' என்று பெயர். விரிப்பில் சப்பணமிட்டு உட்கார வேண்டும். ரகசியம் என்னவென்றால் உட்கார மட்டுமல்ல, சாயவும் படுக்கவும் செய்யலாம். கம்பளி, குரங்குத் தொப்பி, பிளாஸ்க், பிள்ளைகள் எல்லாம் வரும். புணே டிசம்பர் பத்து, பன்னிரண்டு டிகிரிக்கு இறங்குகிற டிசம்பர். வாசலில் செருப்பு மலை. பக்கத்தில் கடைகளில் வடா பாவ், சாபுதானா கிச்சடி, மசாலா பால். விடியற்காலை மூன்று மணிக்குத் தேநீர்க் கடைக்கு முன்னால் நின்று, ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருக்கும் ஆலாப்பைப் பற்றி முன்பின் தெரியாத இரண்டு பேர் சண்டை போடுவார்கள். சென்னையில் தனி ஆவர்த்தனம் வந்ததும் கேன்டீனுக்கு நடையைக் கட்டுகிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, கேன்டீனில் நின்றுகொண்டே இவ்வளவு காது கொடுக்கிறவர்கள் முதலில் ஆச்சரியமாகத்தான் இருந்தார்கள்.

பெரியவருக்கு மட்டும் அது புதிதாகத் தெரியவில்லை. சிறு வயதில் கோயில் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டுக்குப் பின்னால் நடந்தே நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவர். காருகுறிச்சி அருணாசலத்தைக் கேட்டிருக்கிறார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை எடுத்தால் ராத்திரி கரைவதே தெரியாது என்று அவருடைய அப்பா சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறார். நாகஸ்வரக்காரருக்குக் கடிகாரம் கிடையாது; சுவாமி தேர்முட்டியில் நின்றால் ராகமும் நிற்கும், நகர்ந்தால் நகரும். அந்த நிதானம் ரமண்பாக் மைதானத்தில் கிடைத்தது என்கிறார்.

"பாஷை ஒரு எழுத்து புரியல. ஒருத்தர் எழுந்திருச்சுப் பாடுனாரு... நம்ம இந்தோளம்! மால்கௌன்ஸ்னு அப்புறம்தான் பேரு தெரிஞ்சுது. துர்கான்னாங்க, சுத்த சாவேரி. பூப், மோகனம். பக்கத்துல இருந்தவன் என்னப் பாத்து, நீ மதராஸியா, உனக்கு எப்படிடா தெரியும்னான்."

போக்குவரத்து இரு பக்கமும் இருந்திருக்கிறது. ஹம்சத்வனியும் ஆபோகியும் தெற்கிலிருந்து வடக்கே போனவை. அப்துல் கரீம் கானே மைசூருக்கும் சென்னைக்கும் வந்து நம் பாடகர்களைக் கேட்டு, தியாகராஜர் கிருதியை இசைத்தட்டில் பாடிப் பதிவு செய்தவர். இந்துஸ்தானியில் ஸ்வரங்களைப் பெயர் சொல்லிப் பாடும் சர்கத்தை அவர் கையாண்ட விதத்தில் கர்நாடக சங்கீதத்தின் தாக்கம் இருப்பதை இரு பக்கத்து அறிஞர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். புணேவில் சங்கீதப் பள்ளி நடத்தியவர் அவர். மகள் ஹீராபாய் படோதேகர் இந்த ஊரின் செல்லப் பாடகி. பெண்கள் டிக்கெட் வைத்துப் பொதுமேடையில் பாடுவது கேலிக்கு உள்ளான காலத்தில் அதைக் கௌரவமான காரியமாக்கியவர்.

யார் யாரெல்லாம் பாடினார்கள்

பெரியவரிடம் பெயர் கேட்கக் கூடாது. கேட்டால் நிறுத்த மாட்டார். எங்கள் மாடியில் ஒரு மராத்தி ஆஜி (பாட்டி) இருக்கிறார். சதாசிவ் பேட்டையில் வாடா என்ற பழைய கூட்டு வீட்டில் பிறந்து, அந்த வாடா இடிபட்டு அடுக்ககமானபோது மகனோடு பாணேருக்கு வந்தவர். இருவரும் சேர்ந்தால் பெஞ்சில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. மாலை நேரத்தில் அவர்களுக்கு எதிரே பாலேவாடி ஹை ஸ்ட்ரீட் பப்களில் சவுண்ட் செக் ஆரம்பிக்கும். இவர்கள் மல்லிகார்ஜுன் மன்சூர் எந்த வருடம் எந்த அரிய ராகம் பாடினார் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள்.

கங்குபாய் ஹங்கலைப் பற்றிப் பேசும்போது மட்டும் இருவரும் ஒத்துப்போவார்கள். சவாய் கந்தர்வாவிடம் கற்றுக்கொள்ள ஹூப்ளியிலிருந்து குந்த்கோலுக்குத் தினமும் ரயிலில் போய் வந்தவர். தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் ஆண் குரல்போல் கனத்துவிட்டது. வேறொருவராக இருந்தால் அதோடு மூட்டை கட்டியிருப்பார். அவர் அந்தக் கனத்தையே சொத்தாக்கினார். சின்ன உருவம், தோளைச் சுற்றிய முந்தானை, உட்கார்ந்து ஷட்ஜத்தைப் பிடித்தால் பந்தல் கால் அதிரும். 'குருவின் விழாவுக்குக் கூப்பிட்டா வர வேண்டும்?' என்று கேட்கிற வீட்டுப் பெண்ணாகத்தான் மேடைக்கு வருவார் என்கிறார் ஆஜி. 2009-ல், 96 வயதில் போய்ச் சேர்ந்தார்.

ஃபிரோஸ் தஸ்தூர் பார்சி. பையனாக வாடியா மூவிடோன் படங்களில் பாடி நடித்தவர், சினிமாவை உதறிவிட்டு, இந்தச் சிஷ்ய பரம்பரையின் பாணியான கிரானாவைப் பிடித்துக்கொண்டார். அப்துல் கரீம் கான் பாடிப் புகழ்பெற்ற ஒரு தும்ரியை வருடா வருடம் அவரிடம் கூட்டம் கேட்டு அடம்பிடிக்கும். அவரும் வருடா வருடம் பாடுவார். புதிதாக ஏதாவது கேட்போம் என்று யாருக்கும் தோன்றாது.

கிஷோரி அமோன்கர் வேறு ரகம். சபையில் சலசலப்பு இருந்தால் நிறுத்திவிடுவார், பார்வையாலேயே கண்டிப்பார். சுருதி சேரவில்லை என்றால் சேரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆஜி சொன்னார்: "எங்கள் கூட்டம் யாருக்கும் அடங்காது. கிஷோரிதாயிக்கு அடங்கும். திட்டு வாங்கினோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்." ஜஸ்ராஜ், குமார் கந்தர்வர், ஜிதேந்திர அபிஷேகி, டப்பா என்ற பாட்டு வகையைப் பாடினால் பந்தலே குலுங்கும் மாலினி ராஜூர்கர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

கடைசி இரவின் கடைசி இடம் பீம்சேனுக்கு. அதற்காகவே பாதிக் கூட்டம் தூங்காமல் கிடக்கும். கார் ஓட்டுவதில் பெரும் பைத்தியம் அவர். எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்த பாடகர். நாடெங்கும் விமானத்தில் பறந்து பறந்து பாடியதால் 'ஹவாயி கந்தர்வா' என்று கேலிப் பட்டமும் உண்டு. ஆனால் டிசம்பரில் அந்த மூன்று இரவு புணேயைவிட்டு நகர மாட்டார். வானம் வெளுக்கும் நேரத்தில் மேடைக்கு வருவார். சில ஆண்டு லலித், சில ஆண்டு தோடி. ஒற்றைக் கையை வானத்திலிருந்து எதையோ பறிப்பதுபோல் தூக்கி, முகத்தைக் கோணி, உடம்பு முழுவதையும் 'தான்' என்னும் துரித ஸ்வர வரிசைக்குள் திருப்பி இறக்குவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மட்டுமே சுத்தமாகக் கேட்க முடியும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காத வாதம். அந்தக் கோணல் முகத்தைப் பார்க்காமல் கேட்டவர் பாதிதான் கேட்டார்.

பிறகு அபங்கம். துக்காராமும் நாமதேவரும் பாடிய பக்திப் பாடல்களைச் சாஸ்திரிய மேடைக்குக் கொண்டுவந்து 'சந்தவாணி' என்று தனிக் கச்சேரியாகவே அவர் வளர்த்தது 1970-களில் தொடங்கியது. கயால் என்ற சாஸ்திரியப் பாட்டு புரியாத காய்கறிக்காரருக்கும் அபங்கம் புரியும். கூட்டமே தாளம் போடும். எல்லாம் முடிந்தபின் சவாய் கந்தர்வாவின் பழைய பைரவி இசைத்தட்டை ஒலிக்கவிடுவது விழாவின் மரபு. 2007-ல், 85 வயதில், பீம்சேன் இந்த மேடையில் கடைசியாகப் பாடினார். அடுத்த ஆண்டு பாரத ரத்னா. 2011 ஜனவரி 24-ல் மறைந்தார். விழாவின் பெயரில் அவர் பெயரும் சேர்ந்தது. பைரவியில் விழாவை முடித்துவைக்கும் பொறுப்பு பிரபா அத்ரேவின் தோளுக்குப் போயிற்று.

ஒரு நூல் இழை

இந்த மேடையில் பாடகரைவிட முன்னால் வந்து உட்காருவது தம்புரா. இரண்டு, சில சமயம் நான்கு. பெரும்பாலும் மிரஜ் ஊரில் செய்தவை. கிருஷ்ணா நதிக்கு அருகே உள்ள அந்தச் சின்ன ஊரில் தலைமுறை தலைமுறையாக சிதாரும் தம்புராவும் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. 2024-ல் அந்த இரண்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. குடத்துக்கு வேண்டிய பெரிய சுரைக்காய் பண்டரிபுரம், மங்கள்வேடா பக்கம் விளைகிறது. காய வைத்து, மேலே வெட்டி, உள்ளே சுரண்டி, மரக்கழுத்தைப் பொருத்துகிறார்கள்.

சூட்சுமம் அடிக்குதிரையில் இருக்கிறது. அதன் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவாக இழைத்திருப்பார்கள். தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு பருத்தி நூல் இழை. நம்மூரில் ஜீவாளி. அந்த நூலை மயிரிழை அளவு முன்னே தள்ளினால் தந்தி ஊமையாகும். பின்னே இழுத்தால் கரகரக்கும். சரியான இடம் ஒன்று உண்டு. அங்கே நின்றதும் ஒரு தந்தியிலிருந்து ஐந்தாறு ஸ்வரங்கள் கிளம்பிச் சுழலும். இரவுக் குளிரில் மரமும் தந்தியும் சுருங்கும்; அதனால் இரண்டு கச்சேரிக்கு இடையே நூலைத் தேடிப் பிடிக்கிற வேலை மறுபடி ஆரம்பம். ஆயிரக்கணக்கான பேர் அந்த நூலுக்காகப் பேசாமல் காத்திருப்பார்கள். கால் மணி நேரம் ஆனாலும் யாரும் கைதட்டி அவசரப்படுத்த மாட்டார்கள்.

அப்துல் கரீம் கானின் சமாதியும் மிரஜில்தான். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து உடல் அங்கே போய், மீராசாகேப் தர்கா வளாகத்தில் அடக்கமாயிற்று. உருஸ் சமயத்தில் பாடகர்கள் அங்குள்ள புளியமரத்தடியில் பாடிவிட்டுப் போகிறார்கள். கட்டணம் வாங்குவதில்லை.

ஹார்லெமில் ஒரு புதன்கிழமை

அமெரிக்காவின் சோல் இசையைக் கொண்டாடுகிறவர்கள் 'அந்த ராத்திரி நான் அங்கே இருந்தேன்' என்று பேசுவதைக் கேட்டால், எங்கள் பெஞ்சில் நடக்கிற பேச்சுதான் ஞாபகம் வரும். நியூயார்க் ஹார்லெமின் அப்பல்லோ தியேட்டரில் 1962 அக்டோபர் 24, புதன்கிழமை இரவு ஜேம்ஸ் பிரவுன் பாடினார். நேரடி நிகழ்ச்சியைப் பதிவு செய்தால் யார் வாங்குவார்கள் என்று இசைத்தட்டு கம்பெனி முதலாளி கையை விரித்தார். பிரவுன் சொந்தக் காசைப் போட்டுப் பதிவு செய்தார். மறு ஆண்டு வெளிவந்த அந்தத் தட்டு பில்போர்டு பட்டியலில் 66 வாரம் நின்றது. அதைக் கேட்டால் பாட்டுக்குச் சமமாக ஜனங்களின் கூச்சல் இருக்கும். பிரவுன் ஒரு வரியை இழுத்தால் கீழேயிருந்து ஒரு பெண் அலறுகிறார். அந்த அலறலுக்குப் பதில் சொல்லித்தான் அடுத்த வரி பிறக்கிறது. சாம் குக் 1963-ல் மயாமியின் ஒரு கறுப்பர் கிளப்பில் பாடியதைக் கம்பெனி ரொம்பக் கரடுமுரடு என்று பெட்டியில் பூட்டி வைத்து, 1985-ல்தான் வெளியிட்டது. அவர் இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது. அரேத்தா பிராங்க்ளின் 1972-ல் தன் வேருக்கே திரும்பி, லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இரண்டு இரவுகள் பாடினார். அபங்கத்தை மேடைக்கு ஏற்றிய பீம்சேனின் காலம்தான் அதுவும்.

ஒலிக்கும் விதத்தில் இவர்களுக்கும் கிரானாவுக்கும் சம்பந்தமே இல்லை. நான் பார்ப்பது கேட்டவர்களை. ஹார்லெமில் வேலை முடிந்து வந்த வீட்டுப் பணிப்பெண்ணும் சுமைக்காரரும், ரமண்பாக்கில் செகண்ட் ஷிப்ட் முடித்து வந்த டர்னரும். இவர்களுக்கு வாழ்க்கையில் சொந்தமாக இருந்தது ராத்திரி மட்டும்தான்.

பத்து மணி

2000-ல் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தந்திருத்தமாக உறுதிப்படுத்தியது. வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம், அவ்வளவுதான். விடியல் வரை பாடும் மரபு அதோடு முடிந்தது.

சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பேட்டைக்குள், ஜன்னலுக்கு ஜன்னல் இடிக்கிற இடத்தில், மூன்று ராத்திரி ஒலிபெருக்கி. அங்கே காய்ச்சலில் கிடந்தவர்களும் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்தானே. நல்ல சங்கீதம் என்பதால் அவர்களுடைய தூக்கம் மலிவாகிவிடாது.

ஆனால் நடந்தது என்ன என்பதைப் பார்க்க வேண்டும். பாடுகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்காமல் இருக்க, விழா மூன்று இரவிலிருந்து ஐந்து நாளாக நீண்டது. புதன்கிழமை பிற்பகல் 3 மணிக்கே முதல் பாடகர் உட்கார்ந்துவிடுகிறார். 2018-ல் ரமண்பாக்கைவிட்டு முகுந்த்நகரில் மகாராஷ்டிரிய மண்டலின் மைதானத்துக்கு இடமும் மாறியது. பெரிய பந்தல், பெரிய திரைகள், நல்ல ஏற்பாடு. பாணேரிலிருந்து பார்த்தால் ஊரின் மறு கோடி. வேலை நாளில் ஹிஞ்சவடியிலிருந்து கிளம்பி, பல்கலைக்கழகச் சந்திப்பு நெரிசலில் நீந்தி, ஸ்வார்கேட் தாண்டி அங்கே சேருகிறவர் எட்டரை மணிக்குக் கடைசிப் பாடகரின் கடைசி ராகத்தைப் பிடித்தால் பாக்கியம். மூன்று மணிக்கு வரக்கூடியவர் யார்? ஓய்வு பெற்றவர், லீவு போட முடிந்தவர், சொந்தத் தொழில் செய்கிறவர். இளைஞர்கள் சாஸ்திரிய சங்கீதத்துக்கு வருவதில்லை என்று மேடையிலும் பத்திரிகையிலும் புலம்புகிறோம். புதன்கிழமை மூன்று மணிக்குக் கூப்பிட்டால் எந்த இளைஞர் வருவார்? காலையில் தூங்கி மாலையில் வேலைக்குப் போகிற கால் சென்டர் பிள்ளைகள் நிறைந்த ஊர் இது. பழைய ராத்திரி விழா இன்று இருந்திருந்தால் அவர்களுக்குத்தான் பொருந்தியிருக்கும்.

ராகங்களின் கணக்கும் மாறிவிட்டது. இந்துஸ்தானியில் ராகத்துக்கு ஜாமம் உண்டு. நம் பக்கத்தில் பூபாளம், நீலாம்பரி போன்ற சிலவற்றோடு அந்தக் கண்டிப்பு நின்றுவிடும், அங்கே அப்படியில்லை. பத்து மணிக்கு மைக்கை அணைத்தால் அடாணா, மால்கௌன்ஸ் போன்ற பின்னிரவு ராகங்களுக்கு இடம் சுருங்கும். லலித்தும் பட்டியாரும் அடியோடு போயின. ஒன்று சொல்ல வேண்டும்: வரவும் இருக்கிறது. ராத்திரி விழாவில் யாரும் கேட்டிராத பிற்பகல் ராகங்கள், பீம்பலாசி, பட்தீப், மதுவந்தி, இன்று முழு மூச்சாகப் பாடப்படுகின்றன. முன்பு சொன்ன முல்தானியை நினைவிருக்கிறதா? குந்த்கோலில் சவாய் கந்தர்வா சிஷ்யனுக்கு ஊட்டிய மூன்றில் ஒன்று. வெயில் சாயும்போது பாட வேண்டிய ராகம். குருவின் பெயரால் நடக்கும் விழாவில் அது தன் சொந்த நேரத்தில் ஒலிப்பது இந்தப் புதிய ஏற்பாட்டில்தான். பழசைப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பெரியவர் இதை ஏற்கமாட்டார். "மத்தியானம் பாட்டு கேக்குறவன் வேலவெட்டி இல்லாதவன்" என்பது அவர் தீர்ப்பு. இப்போது அவரும் வேலையில்லாதவர்தான் என்று நினைவூட்டினால் முறைப்பார்.

காலை ராகங்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டன. 'தீபாவளி பஹாட்' என்று புணேயில் தீபாவளி நாட்களில் அதிகாலைக் கச்சேரி வைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. பேட்டைகளில் ஆரம்பித்தது, பாணேர், பாலேவாடி குடியிருப்புகள் வரைக்கும் வந்துவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பட்டுச் சட்டையோடு போய் உட்காருகிறார்கள். பாதிக்கு மேல் அபங்கமும் நாடகப் பாட்டும்தான், ஆனாலும் நடுவில் ஒரு நல்ல தோடி அகப்பட்டுவிடும்.

மூடிய அரங்குக்குள் என்றால் சட்டம் தடுக்காது என்பதால், ஒரே ஒரு ராத்திரியை உள்ளே நடத்தலாமே என்ற யோசனையும் அவ்வப்போது காதில் விழும். எந்த அரங்கும் இந்தக் கூட்டத்தைக் கொள்ளாது. கொண்டாலும் அரங்க நாற்காலியில் விடிய விடிய உட்கார முடியாது. கம்பளியை விரிக்கத் தரை வேண்டும்.

2024 இந்த விழாவுக்குக் கொடுமையான ஆண்டு. ஜனவரி 9-ல் பாடகர் ரஷீத் கான் போனார், வயது 55. நாலே நாளில், ஜனவரி 13-ல், பிரபா அத்ரே. டிசம்பரில் பந்தல் போட்டு முடித்த வேளையில், 15-ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தபலா மேதை ஜாகிர் உசேனின் மரணச் செய்தி. அதே வாரம் விழா தொடங்கியது. ஆஜி அந்த ஆண்டு போகவில்லை. முழங்கால் வலி என்று சொன்னார்.

பெரியவர் இப்போது சனிக்கிழமைக்கு மட்டும் டிக்கெட் எடுக்கிறார். அந்த 15 நாள் சலுகையில் விநாயகர் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் மற்றப் பண்டிகைகளுக்கும் போக, இந்த விழாவின் சனிக்கிழமைக்கு நள்ளிரவு வரை அனுமதி கிடைப்பதுண்டு. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் யார் பாடினாலும் மால்கௌன்ஸோ பாகேஸ்ரீயோ பாடுவார்கள் என்பது அவர் கணக்கு. இந்த வருடம் என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். தரை டிக்கெட்தான், கம்பளி அவர் கொண்டுவருவாராம். முகுந்த்நகரிலிருந்து அந்த நேரத்துக்கு எப்படித் திரும்புவது என்று கேட்டேன்.

"பன்னெண்டு மணிக்கு ஆட்டோக்காரன் மீட்டருக்கு மேல அம்பது கேப்பான், தம்பி. குடுத்துரலாம்."